செம்மண் சடக்கும் தாழ்ந்த கியரும்

உட்காருவதற்கென்று ஆசனமே இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளை நான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தது, குனோங் லேடாங் மலையின் அடிவாரத்தில், அசகான் பக்கத்துச் செம்பனைக் காட்டின் ஓரமாக, இராத்திரி பெய்த மழையின் ஈரம் இன்னும் காயாதிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். அதைக் கொண்டுவந்திருந்தவர் என் பால்ய சிநேகிதர். ‘டிரையல்’ என்ற போட்டிக்கென்றே செய்யப்பட்ட அந்த யந்திரத்தில் ஏறி, ‘எண்டியூரோ’ என்று சொல்லப்படுகிற நெடுங்காட்டுப் பிரயாணத்தை ஒரு பகல் முழுவதும் செய்து பார்த்துவிட வேண்டுமென்பது அவருடைய வெகுநாளைய ஆசை. நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த, மலேசியாவின் மலாக்கா மாநிலத்து ஜாசின் வட்டாரத்துத் தோட்டச் சாலைகளாகிய சடக்குகளைவிட அதற்குப் பொருத்தமான இடம் வேறு இல்லை என்பது அவருடைய தீர்மானம்.

இந்த இரண்டு வித்தைகளையும் பற்றிச் சிறிது விளக்கிவிடுவது அவசியம். டிரையலில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறையும் ஓடையும் மரவேரும் செங்குத்தான மேடும் நிறைந்த ஒரு சிறு பகுதியைக் கொடிகட்டிப் பிரித்து வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் அதைக் கால் தரையில் படாமல் கடக்க வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி அபராதம், வண்டி நின்றுபோனாலோ விழுந்துவிட்டாலோ 5 புள்ளி. குறைந்த அபராதத்தோடு வந்து சேருகிறவர் எவரோ அவரே ஜயித்தவர். எண்டியூரோவோ, காடு மேடெல்லாம் கடந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டரைக் குறித்த காலக் கணக்குப்படி ஓட்டி முடிக்கிற பரீட்சை. ஆகையால் முன்னதற்கான வண்டி மிகவும் லேசாக இருக்கும். அதன் கியர் மிகவும் தாழ்ந்திருக்கும். பெட்ரோல் தொட்டி இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளாது. டயரில் நான்கைந்து பவுண்டுக்கு மேல் காற்றடைப்பதில்லை. நின்றுகொண்டே ஓட்டுவதனால் ஆசனமும் வேண்டியதில்லை. பின்னதற்கான வண்டிக்குப் பெரிய தொட்டியும், நல்ல ஆசனமும், விளக்கும், ஓடுகிற வேகமும் தேவை. ஒன்றுக்காகப் பிறந்த வண்டியில் மற்றொன்றைச் செய்வது, ஏர்மாட்டைப் பூட்டிக்கொண்டு தேர்த் திருவிழாவுக்குப் போவதைப் போன்றது. போய்ச் சேரலாம், ஆனால் மாட்டின் நடைக்கு நாம் இணங்கிக் கொடுக்க வேண்டும்.

நாங்கள் வண்டியை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, முன்பக்கத்துக் கால்மறைப்பைக் கழற்றி எறிந்துவிட்ட ஒரு பழைய ஹோண்டாவில், பின்னால் ஒரு கூடை கட்டியிருக்க, எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

“என்னா தம்பி, சீட்டு இல்லாத மோட்டாரா?” என்றார்.

“ஆமாங்க ஐயா. நின்னுக்கிட்டேதான் ஓட்டணும்” என்றார் நண்பர்.

பெரியவர் வண்டியை விட்டு இறங்கி, ஈரத் தரையில் குந்தி, பின்சக்கரத்துப் பல்சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாய்க்குள்ளேயே எண்ணினார். எண்ணி முடித்தபோது, தெரிந்த வீட்டுப் பிள்ளையை வெளியூரில் கண்டுகொண்டவரைப்போல அவர் முகம் மலர்ந்தது. “இந்தப் பல்லுலதான் தம்பி எல்லாம் இருக்கு. நாங்களும் அந்தக் காலத்துல பெருசா மாட்டித்தானே மேட்டுக்காட்டுலேர்ந்து பால் எறக்கினோம்!” என்றார்.

அந்த வாக்கியம் அன்று முழுவதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஐரோப்பியர்கள் விளையாட்டாகக் கண்டு, பெயரும் விதியும் வகுத்து வளர்த்த ஒரு வித்தையை, மலாக்கா மாநிலத்தின், ரப்பராகிய பால்மரக் காடுகளில் எங்கள் ஜனங்கள், ஜீவனத்தின் நிர்ப்பந்தத்தினால், அதற்கொரு பெயருமில்லாமல், பொழுது புலருமுன்னே எழுந்து வருஷக்கணக்காகச் செய்துவந்திருக்கிறார்கள். அதன் விருத்தாந்தத்தை எனக்குத் தெரிந்த மட்டில் எழுதிவைக்கலாமென்று எண்ணுகிறேன்.

மலாக்காவில் மோட்டார் சைக்கிளின் கதையைச் சொல்லப் புகுந்தால் டயரிலிருந்து ஆரம்பிப்பதே கிரமம். பெல்பாஸ்ட் நகரத்தில் மிருக வைத்தியராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து, அதற்கு 1888இல் உரிமை பெற்றார். அதே வருஷத்தில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்து சேர்ந்த ஹென்றி ரிட்லி, பிரேசில் தேசத்திலிருந்து 1876இல் விதையாக எடுத்துச் செல்லப்பட்டு, லண்டன் கியூ தோட்டத்தின் வழியாகக் கிழக்கே வந்து சேர்ந்திருந்த ரப்பர் மரத்தை நடும்படி, கண்டவர்களிடமெல்லாம் மன்றாடிக்கொண்டிருந்தார். காப்பியிலும் மரவள்ளியிலும் பணம் போட்டிருந்தவர்கள் அவர் வார்த்தையைச் செவிமடுக்கவில்லை. செவிமடுத்தவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்னும் பாபா சீனர். அவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பரை நட்டு, இரண்டு வருஷங்களுக்குப் பிறகு புக்கிட் அசகானில் அதைப் பெரிய அளவில் விஸ்தரித்தார். மலாயாவின் முதல் வியாபார ரப்பர்த் தோட்டம் என்ற பெயர் அவ்வாறு எங்கள் மலாக்காவுக்கு வந்தது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக டயருக்கான பசி பெருகிற்று. 1910இல் டன்லப் கம்பெனியாரே மலாயாவில் தோட்டங்களை வாங்கத் தொடங்கினார்கள்.

அந்தத் தோட்டங்களுக்குச் சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து, ஆள் சேர்த்த கங்காணிமார்களின் பின்னால் கப்பலேறி வந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று ஜாசினிலும், மெர்லிமாவிலும், அலோர் காஜாவிலும், புலாவ் செபாங்கிலும், தெபோங்கிலும் வாழ்கிற தமிழர்களில் பெரும்பாலோர். 1938இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடைசெய்யும் வரையில் அந்தக் கப்பல்கள் ஓயவில்லை. வந்தவர்கள் முதலில் காட்டை அழித்தார்கள். அடுத்தபடியாகச் சடக்குப் போட்டார்கள். சாலையைச் சடக்கு என்று சொல்லுகிற வழக்கம் எங்கள் தோட்டத் தமிழில் இன்றைக்கும் மாறவில்லை. அந்தச் சடக்கின் மண்ணைப் பற்றிச் சொல்லாமல் அதன்மேல் ஓடிய சக்கரத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. செம்புறைச் சரளை நிறைந்த இந்த மண்ணுக்கு மண்ணியல் அறிஞர்கள் ‘மலாக்கா’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அடியில் கெட்டிப்பட்டிருந்த செம்புறைக்கல்லை வெட்டித்தான் போர்த்துக்கீசியர் தங்கள் கோட்டையையும், பின்வந்த டச்சுக்காரர் தங்கள் மாளிகையையும் கட்டினார்கள். மேலே உதிர்ந்து கிடக்கும் சரளையோ, வெயில் காலத்தில் மிளகைக் கொட்டிப் பரப்பியதுபோல் சக்கரத்தின் கீழே உருளும். மழை பெய்தால், சரளைக்கு இடையிலுள்ள செங்களிமண் வெண்ணெயாக வழுக்கும். உருளுவதும் வழுக்குவதுமான இந்த மண்ணில், பாத்திக்கட்டு மேடுகளில் ஏறி, நீரோடைகளில் இறங்கி, ஒரு மரத்துக்கு இரண்டு நடையாக, பட்டையை வெட்டுவதற்கு ஒருமுறையும் பால் எடுப்பதற்கு ஒருமுறையுமாக, முந்நூறு நானூறு மரங்களை எங்கள் பாட்டன்மார் தினமும் நடந்தே சுற்றினார்கள். காண்டாக் கம்பின் இரு நுனியிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, தளும்பாத நிதானத்தோடு, தோளை அசைக்காமல் இடுப்பை மட்டும் மடக்கி மேட்டிலிருந்து இறங்குகிற அந்த நடையைப் பார்த்தவர்கள், டிரையல் ஓட்டுகிறவர் வண்டியின்மேல் நின்று முழங்காலால் உடம்பின் பாரத்தை ஏற்றி இறக்குகிறதைப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள உறவை நான் சொல்லாமலே தெரிந்துகொள்வார்கள்.

அவர்களுடைய உளியிலிருந்து வடிந்த பால், மங்கு என்னும் கிண்ணத்தில் நிறைந்து, வாளிக்கு மாறி, ஸ்தோர் என்னும் தோட்டத்து ஆலையில் உறைந்து, தகடாகிக் கப்பலேறி, டயராகி உலகத்தின் சாலைகளிலெல்லாம் ஓடிற்று. அந்த டயரின்மேல் ஒரு தமிழ்த் தொழிலாளி சொந்தமாக ஏறி உட்காருவதற்கு அறுபது எழுபது வருஷங்கள் ஆயின. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புகிற முக்கியமான விஷயம் இதுதான்.

தோட்டத்தில் முதலில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் துரைமார்கள். சின்னத்துரைகள் பிரிட்டிஷ் வண்டிகளில் டிவிஷன் டிவிஷனாகச் சுற்றி வருவார்கள். இருட்டு விலகாத விடியற்காலையில், பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுகிற நேரத்துக்கு, தூரத்து மேட்டில் அந்த யந்திரத்தின் சப்தம் கேட்டவுடனே, வெற்றிலையைத் துப்பிவிட்டு வரிசையில் நிற்பார்களென்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். குமாஸ்தாவான கிராணிக்கும் மேற்பார்வை செய்கிற மண்டோருக்கும் சைக்கிள், மற்றவர்களுக்குக் கால். ஒருவர் தோட்டத்தில் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அவர் எதன்மேல் வருகிறார் என்பதே அறிவித்துவிட்ட காலம் அது. தம்பினிலிருந்து மலாக்கா நகரத்துக்கு 1905 முதல் ரயில் ஓடிற்று. தோட்டத்து ஜனங்கள் கோயில் திருவிழாவுக்கும் மாசி மகத்துக்கும் அதிலே போய் வந்தார்கள். அதையும் யுத்தம் கொண்டுபோய்விட்டது.

1941 டிசம்பரில் வடக்கே வந்திறங்கிய ஜப்பானியச் சேனை, தெற்கு நோக்கி வந்தது பெரும்பாலும் சைக்கிளில் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தார்ச்சாலையின் உஷ்ணத்தில் டயர் வெடித்துப் போனால், அவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தின்மேலேயே ஓட்டினார்கள்; அந்த உலோகச் சப்தத்தை இருட்டில் கேட்டவர்கள் டாங்கிகள் வருகின்றன என்று அஞ்சினார்களாம். மலாக்கா எல்லைக்கு அருகில், கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில், 1942 ஜனவரி 14ஆம் தேதி அந்தச் சைக்கிள் படை கடந்துகொண்டிருந்தபோது ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் பாலத்தைத் தகர்த்தார்கள். படை சிறிது தாமதித்ததே தவிர நிற்கவில்லை. அடுத்த நாளே மலாக்கா நகரம் வீழ்ந்தது. தம்பின் மலாக்கா ரயில் தண்டவாளத்தை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம் பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு தோட்டத்து ஆண்களையும் கொண்டுபோனார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் சிலரே என்பதை இங்குள்ள குடும்பங்களில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யுத்தத்துக்குப் பிறகு, கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கலகத்தால் அவசரகாலம் வந்தது. 1948 ஜூனில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து, தனியாக மோட்டார் சைக்கிளில் தோட்டம் சுற்றும் துரையின் காலம் முடிவுக்கு வந்தது. அவர்கள் இரும்புத் தகடு போர்த்திய கார்களுக்குள் புகுந்துகொண்டார்கள். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழும்பிற்று. சோற்றுப் பொட்டலத்தைக்கூடக் காட்டுக்குள் எடுத்துச் செல்லத் தடை வந்தது. சடக்குகளில் பொழுது சாய்ந்தபின் நடமாட்டமில்லை. இந்தக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட முதல் ‘வெள்ளைப் பிரதேசம்’ என்று 1953 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது மலாக்காவின் ஒரு பகுதி. எந்த நேரத்திலும் எங்கு வேண்டுமானாலும் போய்வரலாமென்ற சாதாரண சுதந்திரம் தோட்டத்து மனிதனுக்குத் திரும்பக் கிடைத்தது அப்போதுதான். அவனுக்கென்று ஒரு வண்டி வேண்டுமென்ற எண்ணமும் அதன் பின்னரே உதித்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் பிரிட்டனில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1909இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல் தொடங்கிற்று. 1913இல் கார்லைல் நகரத்தில் சர்வதேச ஆறு நாள் டிரையல் ஆரம்பமாயிற்று. 1914இல் ஆல்பிரட் ஸ்காட் என்ற யந்திர நிபுணர் யார்க்ஷயர் மேடுகளில் தம் தொழிற்சாலை ஆட்களுக்காக ஒரு போட்டியை ஏற்படுத்தினார். ஆரம்பத்தில் நெடுந்தூரப் பரீட்சையும் நிதானப் பரீட்சையும் ஒன்றாகவே கலந்திருந்தன. இரண்டும் தனித்தனி வித்தைகளாகப் பிரிந்ததும், அந்தச் சர்வதேசப் போட்டியின் பெயரே 1981இல் ‘எண்டியூரோ’ என்று மாறியதும் பிற்காலத்து விஷயங்கள். அப்படிப் பார்த்தால், டிரையல் வண்டியில் எண்டியூரோ செய்ய வேண்டுமென்று என் நண்பர் ஆசைப்பட்டது, பிரிந்துபோன இரு பங்காளிகளை ஒரு பந்தியில் உட்காரவைக்கிற காரியமே.

தமிழர்களுக்கு இந்த வித்தையில் வேறொரு வகையிலும் சம்பந்தம் உண்டு. 1948இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் பிரிட்டிஷ் குழுவோடு சென்று வெற்றி கண்ட வண்டிகளில் ராயல் என்பீல்டின் புதிய ‘புல்லட்’டும் ஒன்று. அந்தப் புல்லட்டை 1956 முதல் நம் சென்னைப்பட்டணத்துத் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கினார்கள். டிரையல் மேடுகளில் பெயர் வாங்கிய வண்டியைக் கூட்டி முடுக்கிய கைகள் தமிழ்க் கைகள். டயருக்குப் பால் வெட்டிய கைகளும் தமிழ்க் கைகள். ஒன்றையொன்று அறியாமலே, கடலின் இரு கரைகளிலும் அவை வேலை செய்தன.

ஆனால் மலாக்காத் தொழிலாளியின் வீட்டு வாசலுக்கு வந்தது புல்லட் அல்ல. ஜப்பானில் 1958 ஆகஸ்டில் வெளிவந்த ஹோண்டா ‘சூப்பர் கப்’பே அவனைத் தேடி வந்தது. சீன தேசத்திலிருந்து சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, பேருந்து கழுவி, யந்திரத் தொழில் கற்று முன்னுக்கு வந்த லோ பூன் சியூ என்பவர், அந்த வருஷத்திலேயே ஹோண்டாவை மலாயாவுக்குத் தருவிக்கும் உரிமையைப் பெற்றார். சில வருஷங்களில் அவருடைய பெயரே வண்டிக்குப் பெயராயிற்று. தோட்டத்தில் ‘பூன் சியூ வாங்கியிருக்கிறான்’ என்றால் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம். பிறகு, கம்பெனி வைத்த ‘கப்’ என்ற பெயரோடு, சிறுபிள்ளை என்ற பொருளில் காண்டனிஸ் சீனர் வழங்குகிற ‘சாய்’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு ‘கப்சாய்’ ஆயிற்று.

கப்சாயின் விசேஷங்களைப் பற்றி நான் சற்று விஸ்தாரமாகச் சொல்வதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல் வண்டியின் எஞ்சின் 49 சி.சி.; மூன்று கியர்; கையால் பிடிக்கிற கிளட்ச் கிடையாது. எஞ்சின் சுழலும் வேகத்தைப் பொறுத்துத் தானே பிடித்துக்கொள்கிற கிளட்ச் ஒன்று உள்ளே இருந்தது. கியர் மாற்றும் மிதியைக் காலால் அழுத்தினால், அழுத்தியிருக்கும் வரையில் அந்தக் கிளட்ச் விட்டுக்கொடுக்கும். இந்தச் சூட்சுமத்தைத் தோட்டத்து ஆட்கள் வெகு சீக்கிரத்தில் கண்டுகொண்டார்கள். செங்குத்து மேட்டில் எஞ்சின் திணறும்போது, மிதியை அரைகுறையாக அழுத்திப் பிடித்து, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, பாதத்தை மெதுவாகத் தளர்த்தினால், சக்கரம் சுழன்று மண்ணை வாராமல், அங்குலம் அங்குலமாக வண்டி மேலேறும். டிரையல் வீரர் இடக்கை விரல் ஒன்றினால் செய்கிற அதே காரியத்தை இவர்கள் இடக்கால் பெருவிரலினால் செய்தார்கள். நடுவில் தொட்டி இல்லாமல் தாழ்ந்திருந்ததால், கைலி கட்டியவரும் சேலை கட்டியவரும் சிரமமின்றி ஏறி இறங்க முடிந்தது. எட்டடி அகலமுள்ள, பாரி என்கிற வடிகாலுக்கு மேலே போட்ட ஒற்றை மரப்பலகையில் போகும்போது, இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு போகவும் முடிந்தது.

எனினும், கடையிலிருந்து வந்தபடியே அந்த வண்டி மேட்டுக்காட்டுக்கு உதவாது. பட்டணத்துத் தார்ச்சாலைக்காகக் கணக்கிட்ட கியர் அதற்கு. ஆகையால் புது வண்டி வாங்கினவர் செய்கிற முதல் காரியம், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நிறுத்தி, பூசாரி கையால் சந்தனம் குங்குமம் இட்டு, இரு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது. இரண்டாவது காரியம், பட்டறைக்காரரிடம் போய்ப் பின் பல்சக்கரத்தை மாற்றுவது. ஜாசினில் நான் சிறுவனாகப் பார்த்த ஒரு பட்டறையில், சுவரில் ஆணியடித்து, தோசைக்கல்லை மாட்டிவைத்ததுபோல் அளவு அளவாகப் பல்சக்கரங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். முன்னால் 14 பல்லும் பின்னால் 40 பல்லும் இருந்தால், முன்னால் ஒரு பல்லைக் குறைப்பதும் பின்னால் மூன்று பல்லைக் கூட்டுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தரும் என்ற கணக்கை, பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத என் பெரியப்பா எனக்கு விரலிலேயே சொல்லிக்கொடுத்தார். சக்கரம் பெரிதாகிவிட்டால் சங்கிலிப் பெட்டி பொருந்தாது, அதைக் கழற்றிவிடுவார்கள். சங்கிலி நீளம் போதாது. இரண்டு கண்ணி சேர்த்துக்கொள்வார்கள். மண் அடைத்துக்கொள்ளாமலிருக்க முன்சக்கரத்து மட்கார்டையும் கால்மறைப்பையும் எடுத்துவிடுவார்கள். ஆழமான கட்டைப் பற்களையுடைய டயரைப் பின்னால் போட்டு, காற்றைப் பாதியாக இறக்கிவிடுவார்கள். இவ்வளவும் செய்தபின் அந்த வண்டி தார்ச்சாலையில் சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும். காட்டிலோ, காண்டாவாளி ஏறிய இடமெல்லாம் ஏறும்.

இதே யோசனை உலகத்தின் மறுகோடியிலும் ஒருவருக்கு உதித்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்ஸி என்ற ஊரில் ஹோண்டா விற்ற ஹெர்ப் யூல் என்பவர், 1960ஐ ஒட்டி, சூப்பர் கப்பின் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்தையும் கட்டைப்பல் டயரையும் மாட்டி, மலைப்பாதைக்காரர்களுக்கு விற்றார். அவர் கடையில் மட்டும் ஏன் இவ்வளவு வண்டிகள் விற்கின்றன என்று விசாரித்த கம்பெனியார், அந்த மாற்றத்தைத் தாங்களே ஏற்றுக்கொண்டு ‘டிரெயில்’ என்ற பெயரில் தனி வண்டியாக வெளியிட்டார்கள். ஸ்பெயின் தேசத்துப் புல்டாக்கோ கம்பெனியார் வட அயர்லாந்துக்காரரான சாமி மில்லரை 1964இல் அழைத்து, கனமான பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பதிலாக லேசான டிரையல் வண்டியைச் செய்தார்கள். 1965இல் அந்த வண்டியிலேயே மில்லர் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை வென்றார். லேசான உடம்பு, தாழ்ந்த கியர், மிருதுவான டயர் என்று யூலும் மில்லரும் அடைந்த முடிவையேதான் ஜாசின் பட்டறையும் அடைந்திருந்தது. முதல் இரண்டு பெயர்களும் புத்தகங்களில் இருக்கின்றன. பட்டறைக்காரர் பெயர் அவரிடம் கடன் வைத்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது.

இந்த வண்டி ஒரு சௌகரியமாக வந்ததென்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். இந்தத் துண்டாடலின் கொடுமையை மலாக்காவும் நன்றாக அனுபவித்தது. பொருளாதார அறிஞர் உங்கு அஸிஸ் அதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதினார். துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டுமென்று மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரே தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பெரட்டு நின்று, அங்கேயே கண்மூடிய பாட்டனுடைய பேரன், லயத்தை இழந்து, ஐந்து ஏக்கர் பத்து ஏக்கர் சொந்தக்காரர்களிடம் குத்தகைக்கும் பாதிப் பங்குக்கும் மரம் வெட்டப் போக வேண்டியவனானான். மைல்கல்லைக் கட்டை என்பார்கள்; இன்று முதல் கட்டையிலும் நாளை ஏழாம் கட்டையிலும் வேலை. கப்சாய் இல்லாவிட்டால் அந்த ஜீவனம் நடந்திராது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பின்னால் மனைவியை உட்காரவைத்து, அவள் மடியில் உளியும் சாப்பாட்டுத் தூக்கும் இருக்க, நாலரை மணி இருட்டில் அந்த வண்டிகள் கிளம்பும். பத்து மணிக்கு மேல், இரு பக்கமும் பால் டின் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும்போது, பிரேக்கை நம்பாமல், முதல் கியரில் எஞ்சினையே கடிவாளமாகப் பிடித்து இறக்குவார்கள். 1973இல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. காட்டுக்குள் அது வண்டியின் கைப்பிடியில் தொங்கும். தார்ச்சாலை கண்ணில் பட்டவுடன் தலைக்கு ஏறும்.

அன்றைய ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். நண்பரும் நானும் மாறி மாறி ஓட்டினோம். முதல் மேட்டில் அந்த டிரையல் வண்டி ஏறிய விதத்தை வார்த்தையில் சொல்வது கடினம். எஞ்சின் நின்றுவிடப்போகிறது என்று தோன்றுகிற அளவுக்கு அடங்கிய சப்தத்தோடு, மட்டைக் குவியலையும் வேரையும் சரளையையும் மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டே மேலேறிற்று. ஆனால் பிரயாணம் என்று வந்தபோது அதன் குறைகள் வெளிப்பட்டன. இரண்டு மணி நேரம் நின்றே ஓட்டியதில் முழங்கால்கள் நடுங்கின. டிவிஷனுக்கும் டிவிஷனுக்கும் இடையில் சமமான சடக்கு வந்தபோது, தாழ்ந்த கியரில் எஞ்சின் கதறிற்றே தவிர வேகம் கிடைக்கவில்லை. விழுந்து கிடந்த செம்பனை மட்டையின் முள் முன்டயரில் ஏறிக் காற்றை இறக்கிற்று. ஓர் ஓடையின் குறுக்கே கிடந்த பனைத்தண்டில் நான் வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் வண்டியோடு விழுந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினொரு மணிக்குப் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று.

அரைமணி நேரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த எங்களை அந்தப் பெரியவரே மறுபடியும் கண்டார். தம் வண்டியின் குழாயைக் கழற்றி, ஒரு தண்ணீர்ப் புட்டியில் பெட்ரோல் பிடித்துக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். “மேடு ஏற இந்த மோட்டாரு, வீடு போய்ச்சேர நம்ம மோட்டாரு” என்றார். பிறகு, நாங்கள் ஏறாமல் விட்டுவிட்டு வந்த ஒரு மேட்டைக் காட்டி, “அதுக்குப் பேரு ஆயாக்கொட்டகை மேடு. அங்கதான் எங்கம்மா என்னைத் தொட்டில்ல போட்டுட்டு வெட்டுக்குப் போனாங்க” என்றார். செம்பனை நின்ற அந்த மேட்டில் கொட்டகையின் அடையாளம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் அங்கே மனிதக் குரல் கேட்டது என்பதற்கு, மேட்டைச் சுற்றி வளைந்து ஏறிய பழைய சடக்கு மட்டுமே சாட்சி.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன, குலை வெட்டுவதற்கு வேறு தேசத்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். புக்கிட் லிந்தாங், டைமண்ட் ஜூபிலி, கெமண்டோர் என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களின் பெயர்ப் பலகைகளே இன்று தாங்கி நிற்கின்றன. மேடுகளின் பெயர்களுக்கோ பலகை இல்லை. கழற்றிய கால்மறைப்பும் பெரிய பல்சக்கரமுமாக அவற்றில் தினமும் ஏறியவர்கள் மட்டுமே அவற்றை அறிவார்கள், அவர்களும் எழுபதைக் கடந்துவிட்டார்கள்.

மலாக்காவிலும் வெளியிலும் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியில், லயத்து வாசலில் புது வண்டியின்மேல் கைவைத்துக்கொண்டு உங்கள் தகப்பனாரோ பெரியப்பாவோ நிற்கிற புகைப்படம் அநேகமாக ஒன்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அவரிடமோ, அவரை அறிந்தவரிடமோ போய் உட்காருங்கள். எந்த வருஷம், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தப் பட்டறையில் பல்சக்கரம் மாற்றியது, எந்த மேட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டு, படத்தின் பின்பக்கத்தில் அழியாத மையால் எழுதிவையுங்கள்.